முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாவது ஆல்பம்: வாஷ்டி பன்யன் – ஒரு நிகழ்வு ஆய்வு

1970 டிசம்பரில் முதல் ஆல்பம், 2005 அக்டோபரில் இரண்டாவது. வாஷ்டி பன்யன் என்ற ஆங்கிலேயப் பாடலாசிரியை இந்த இரண்டுக்கும் நடுவில் குழந்தைகளை வளர்த்தார், விலங்குகளைப் பராமரித்தார், வீடு வீடாக மாறினார். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் பாடவே இல்லை; தன் பிள்ளைகளுக்குக்கூடப் பாடியதில்லை என்று பின்னாளில் சொன்னார். அறுபது வயதில் வெளியிட்ட 'லுக்ஆஃப்டரிங்' என்ற அந்த இரண்டாவது ஆல்பம், பழைய ரசிகர்களின் ஏக்கத்தைக் காசாக்கும் சரக்காக இல்லாமல், முதல் ஆல்பத்தைவிடச் செறிவான படைப்பாக அமைந்தது.

இது எப்படி நடந்தது? 'மறக்கப்பட்ட மேதையை இளைய தலைமுறை கண்டெடுத்தது' என்ற கதைதான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதிக் கதை. தன் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பன்யனுக்கு அறுபதுகளில் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அவர் விலகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2005-இல் அந்த உரிமையில் ஒரு பங்கு அவர் கைக்கு வந்தது. 2014-இல் முழுவதும் வந்தது. அவருடைய மறுவருகையை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

1965: பிறர் எழுதிக் கொடுத்த பாட்டு

பன்யன் 1945-இல் நியூகாசிலில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வகுப்புக்கு ஒழுங்காகப் போகாததால் வெளியேற்றப்பட்டார். பதினெட்டு வயதில் நியூயார்க் போனபோது பாப் டிலனின் பாடல்களைக் கேட்டு, தானும் பாட்டு எழுதிப் பாடுவது என்று உறுதி செய்துகொண்டு திரும்பினார். நாட்டுப்புறப் பாடகி ஆவது அவர் நோக்கமே இல்லை. வானொலியில் ஒலிக்கும் மூன்று நிமிட வெகுஜனப் பாட்டுதான் அவர் கனவு. அவரைப் பற்றி எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 'நாட்டுப்புற இசையின் தேவதை' என்ற அடையாளத்தை அவர் பலமுறை மறுத்தும் பயனில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம் அவரைத் தேர்ந்தெடுத்தார். அவர் அறிமுகப்படுத்திய பாடகி மேரியன் ஃபெய்த்ஃபுல் அப்போது ஓல்ட்ஹாமை விட்டு விலகியிருந்தார். அந்த இடத்துக்கு ஒரு புதிய முகம் தேவைப்பட்டது. 1965-இல் டெக்கா நிறுவனம் 'வாஷ்டி' என்ற ஒற்றைப் பெயரில் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதியது. பின்னணியில் பெரிய வாத்தியக் குழு. பன்யன் தானே எழுதிய பாட்டு, தட்டின் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டது. தட்டு விற்கவில்லை. அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனத்துக்காக, தயாரிப்பாளர் பீட்டர் ஸ்னெலோடு 'டிரெயின் சாங்' பாடலைப் பதிவு செய்தார். அதில் இசைக்கருவிகள் குறைவு, குரல் முன்னால் நிற்கிறது. இன்று கேட்கும்போது அறுபதுகளில் அவருக்கு மிக நெருக்கமாக ஒலிக்கும் பதிவு அதுதான் என்று தோன்றுகிறது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. மறுபடியும் ஓல்ட்ஹாமின் இம்மீடியட் நிறுவனத்துக்குப் போய்ப் பல பாடல்களைப் பதிவு செய்தார். அவை பெட்டியிலேயே கிடந்தன.

குதிரை வண்டிப் பயணமும் முதல் ஆல்பமும்

இந்தப் பகுதி எல்லோருக்கும் பிடித்த பகுதி. பாடகர் டோனோவன், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் நிலம் வாங்கிக் கலைஞர்களுக்கு ஒரு குடியிருப்பு அமைக்கத் திட்டமிட்டிருந்தார். 1968-இல் பன்யனும் அவருடைய காதலர் ராபர்ட் லூயிஸும் பெஸ் என்ற குதிரையை வண்டியில் பூட்டி லண்டனிலிருந்து வடக்கே கிளம்பினார்கள். குதிரைக்கும் வண்டிக்குமான பணத்தை டோனோவனே கடனாகக் கொடுத்தார். மோட்டார் வாகனங்கள் ஓடும் சாலையில், மழையிலும் குளிரிலும், கூலி வேலை கிடைத்த இடங்களில் நின்று நின்று போனார்கள். போய்ச் சேரும்போது அந்தக் குடியிருப்புக் கனவு கலைந்துவிட்டிருந்தது. கடைசியில் அவர்கள் தங்கியது இன்னும் வடமேற்கே, ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான பெர்னரேயில்.

வழியில் எழுதிய பாடல்கள்தான் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' ஆல்பம் ஆயின. ஃபேர்போர்ட் கன்வென்ஷன், நிக் டிரேக் போன்றோரின் இசைத்தட்டுகளைத் தயாரித்த ஜோ பாய்ட் 1969-இன் பிற்பகுதியில் லண்டனின் சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில் அதைப் பதிவு செய்தார். சைமன் நிக்கல், டேவ் ஸ்வார்பிரிக், ராபின் வில்லியம்சன் ஆகியோர் பேஞ்சோ, மேண்டலின், வயலின் வாசித்தார்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நாட்டுப்புற இசையின் முதல் வரிசைக் கலைஞர்கள் இவர்கள். நிக் டிரேக்கின் பாடல்களுக்கு நரம்பிசை எழுதிய ராபர்ட் கர்பி சில பாடல்களுக்கு இசைக்கோவை செய்தார்.

கேட்பதற்கு அழகான தட்டு. பதினான்கு பாடல்கள், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தை ஒட்டியவை. ஆனால் அந்த வயலினும் பேஞ்சோவும் பன்யன் கேட்டவை அல்ல. கர்பியின் வேலைப்பாடு அவருக்குப் பிடித்திருந்தது; மற்றவை தன் பாடல்களை வேறொரு பெட்டிக்குள் அடைத்துவிட்டதாக அவர் கருதினார். எழுதியவர் ஓர் அமெரிக்க வானொலிப் பாட்டை மனத்தில் கேட்டுக்கொண்டிருக்க, கூடத்தில் உருவானது கிராமத்து மாலை நேரம்.

பிலிப்ஸ் நிறுவனம் தட்டை வெளியிட ஓராண்டு எடுத்துக்கொண்டது. அதற்குள் பாய்ட் தன் நிறுவனத்தை விற்றுவிட்டு, வேறு வேலை ஏற்று, அமெரிக்காவுக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். பன்யனுக்குக் கைக்குழந்தை. கச்சேரி இல்லை, விளம்பரம் இல்லை, தட்டுக்காகப் பேச ஆள் இல்லை. விற்றது சில நூறு பிரதிகள் என்றே சொல்லப்படுகிறது. இந்தத் தோல்வியைப் பன்யன் வியாபாரத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் குரலும் பாட்டும் மோசம் என்பதற்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். காரணம் வேறிடத்தில் இருந்தது என்பது இன்று நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. இருபத்தைந்து வயதில், ஊர் தள்ளி, கைக்குழந்தையோடு இருந்த ஒருவருக்கு அதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

பிறகு ஸ்காட்லாந்து, அயர்லாந்து, மறுபடி ஸ்காட்லாந்து. மூன்று குழந்தைகள்.

தட்டு தனியாகப் பிழைத்துக்கொண்டது

எழுதியவர் கைவிட்டுவிட்ட தட்டு, பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களிடையே கைமாறிக்கொண்டே இருந்தது. அச்சிட்டதே குறைவு என்பதால் விலை ஏறி ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. இதெல்லாம் பன்யனுக்குத் தெரியாது. 1997-இல் எடின்பரோவில் இணைய இணைப்பு கிடைத்ததும் தன் பெயரையே தட்டச்சு செய்து பார்த்தார். தன் ஆல்பத்தை யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அறிந்தார். உரிமைகள் யாரிடம் இருக்கின்றன, மூலப் பதிவு நாடா எங்கே கிடக்கிறது என்று தேடத் தொடங்கினார். 2000-இல் ஸ்பின்னி என்ற சிறு நிறுவனம் ஆல்பத்தைக் குறுந்தட்டாக மறுவெளியீடு செய்தது.

இந்த மறுவெளியீட்டில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாராட்டு வந்தது; அது மனத்துக்கு மருந்து. ஆனால் பாராட்டு மட்டும் ஒரு புதிய பாட்டை எழுத வைக்காது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தட்டைக் கொண்டாடும் கூட்டம், அதே தட்டை இன்னொருமுறை செய்து கொடு என்று கேட்பதுதான் வழக்கம். பன்யனைத் தேடி வந்த இளையவர்கள் அப்படிக் கேட்கவில்லை. இது அவருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம்.

அமெரிக்காவிலிருந்து டெவேந்திரா பன்ஹார்ட் என்ற இளைஞர் கடிதம் எழுதினார். அதில் ரசிகரின் புகழ்மொழியோடு ஒரு கேள்வியும் இருந்தது: நான் தொடர்ந்து பாடலாமா? அவர் அதுவரை சிறு அறைகளில் பாடிக்கொண்டிருந்தவர். முப்பது ஆண்டுகளாகத் தன்னைத் தோற்றுப்போனவர் என்று நம்பிவந்த ஒரு பெண்ணிடம், ஓர் இளைஞர் ஆசிரியரிடம் கேட்பதுபோல் யோசனை கேட்கிறார். பன்யன் தொடரச் சொன்னார். 2004-இல் பன்ஹார்ட்டின் 'ரிஜாய்சிங் இன் த ஹேண்ட்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் அவரோடு சேர்ந்து பாடினார். அதற்கு முன்பே, 2002-இல், பியானோ மேஜிக் குழுவுக்காக ஒரு பாட்டு பாடியிருந்தார். 2005-இல் அனிமல் கலெக்டிவ் குழுவோடு 'பிராஸ்பெக்ட் ஹம்மர்' என்ற சிறு தொகுப்பு வந்தது.

இந்த மூன்றும் பிறர் படைப்புகள். பொறுப்பு அவர் தலையில் இல்லை. வந்து, பாடிவிட்டு, வீட்டுக்குப் போகலாம். பாடி முடித்த ஒவ்வொருமுறையும் குரல் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. நெடுங்காலம் விலகியிருந்த ஒருவரை நேரடியாகச் சொந்த ஆல்பத்துக்குள் தள்ளாமல், இப்படிப் படிப்படியாக ஒலிவாங்கியின் முன் நிற்க வைத்தது திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனாலும் இந்த வரிசை இல்லாமல் 2005 சாத்தியமாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

எடின்பரோவில் பதிவானது

அனிமல் கலெக்டிவ் தொகுப்பை வெளியிட்ட ஃபேட்கேட் நிறுவனம் ஆல்பத்தையும் ஏற்றது. தயாரிப்பாளராக வந்தவர் மேக்ஸ் ரிக்டர். செவ்வியல் பயிற்சி பெற்ற இசையமைப்பாளர். அப்போது எடின்பரோவில் வாழ்ந்தவர். அதே நிறுவனத்தின் துணை வெளியீட்டுப் பிரிவில் முந்தைய ஆண்டு தன் ஆல்பத்தை வெளியிட்டிருந்தவர்.

பன்யனுக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. மனத்தில் கேட்கும் வாத்தியத்தை வாத்தியக்காரரிடம் எடுத்துச் சொல்லும் மொழி இல்லாததால்தான் அறுபதுகளில் அடுத்தவர் கணிப்புக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே போனார். ரிக்டரிடம் அந்த மொழி இருந்தது. ஆல்பத்தைக் கேட்கும்போது அதை அவர் தன் முத்திரையைப் பதிக்கப் பயன்படுத்தவில்லை என்பது தெளிவாகிறது. விரலால் மீட்டும் கிதார், பியானோ, ஆங்காங்கே ஓபோ, ஜோயன்னா நியூசமின் யாழ், சிறிதளவு நரம்பிசை. எதுவும் குரலுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. பன்ஹார்ட், ஏடெம், ஓட்டோ ஹவுசர், கெவின் பார்க்கர் என்று இளைய கலைஞர் பலர் வாசித்திருக்கிறார்கள். இத்தனை பேர் கலந்துகொண்ட ஆல்பத்தில் இவ்வளவு வெற்றிடத்தை விட்டு வைப்பது எளிதல்ல. வாசிக்காமல் இருக்கச் சொல்லவும் ஒரு தயாரிப்பாளருக்குத் துணிவு வேண்டும்.

பழைய ஆல்பத்திலிருந்து அழைக்கப்பட்டவர் ராபர்ட் கர்பி. இந்த முறை நரம்பிசை எழுதுவதற்காக அல்ல. டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் வாசித்தார். 1969-இல் வாசித்த புகழ்பெற்ற கூட்டத்தில், பன்யன் மனத்துக்குப் பிடித்தவர் மட்டும் திரும்பி வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய குழுவை முழுசாகக் கூட்டி 'மறுசந்திப்பு' என்று விளம்பரம் செய்திருந்தால் பத்திரிகைகள் மகிழ்ந்திருக்கும். பழைய வயலினும் கூடவே வந்திருக்கும்.

பதினோரு பாடல்கள், மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. 'பார்த்துக்கொள்வது' என்ற பொருளில் வீட்டில் வழங்கிய சொல்லே ஆல்பத்தின் பெயர். அட்டையில் இருப்பது அவருடைய மகள், ஓவியர் வின் லூயிஸ் தீட்டிய முயல். பாடல்களின் பொருளும் அந்த முப்பது ஆண்டுகள்தான். முதல் ஆல்பத்தில் மின்மினி, குருவி, ஆறு, மீனவர் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், இதில் வீட்டுக்குள் பார்க்கிறார். 'வேவர்ட்' பாடலில் துவைத்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நாள்கள் போகின்றன. பாடும் பெண், காலணியில் சாலைப் புழுதி படிந்தவளாக இருக்க விரும்பியவள். இங்கே குறை சொல்லும் தொனி வந்திருக்கலாம், வரவில்லை. தியாகப் பெருமையும் இல்லை. ஆசைப்பட்டேன், வாழ்க்கை இப்படிப் போனது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மெட்டு நகர்ந்துவிடுகிறது. குதிரை வண்டிப் பெண் என்ற தொன்மத்தை நம்பிப் பாட்டுக்கு வந்தவர்களுக்கு, அந்தப் பெண் பிறகு துணி துவைத்தாள் என்று சொன்ன பாட்டு இது.

'ஹியர் பிஃபோர்' பாடலில் தாய் ஒருத்தி தன் பிள்ளைகளைப் பார்க்கிறாள். இவன் இதற்கு முன்பே இந்த உலகுக்கு வந்து போனவன் போலிருக்கிறதே என்று வியக்கிறாள். பிள்ளை பெற்ற எவருக்கும் தெரிந்த உணர்வு இது; குழந்தையின் பார்வையில் சில நேரம் ஒரு கிழவரைப் பார்த்துவிடுவோம். இதைப் பாட்டாக்கும்போது இனிப்பு கூடிவிடும் ஆபத்து உண்டு. பன்யன் தன் குரலின் மேலேயே குரலை அடுக்கி, ஒலியை உயர்த்தாமல் பாடுவதால் அது தப்பித்துவிடுகிறது.

ஆல்பத்தின் கடைசித் தடம் 'வேவர்ட் ஹம்'. சொற்களே இல்லை. 'வேவர்ட்' மெட்டை முனகுகிறார், அவ்வளவுதான். அந்த முனகலைக் கடைசியில் வைக்கத் துணிந்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. சமையலறையில் யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடும் குரலின் நெருக்கம் அதில் இருக்கிறது.

குரலைப் பற்றிப் பலரும் 'முப்பத்தைந்து ஆண்டுகளில் மாறவே இல்லை' என்று எழுதினார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. சுருதி அதே இடத்தில் நிற்கிறது, உண்மை. ஆனால் காற்று கூடியிருக்கிறது. சொல்லின் இறுதி எழுத்து சில இடங்களில் ஒலிக்காமலே கரைகிறது. பதிவு மிக அருகிலிருந்து செய்யப்பட்டிருப்பதால் இவை குறையாகத் தெரியாமல் பேச்சுபோல ஒலிக்கின்றன. இந்தக் குரலை 1965-இல் செய்ததுபோல் ஒரு பெரிய வாத்தியக் குழுவின் முன் நிறுத்தியிருந்தால் தாங்கியிருக்காது.

ஒப்பிட இரண்டு பேர்

பன்யனின் வழியை எல்லாருக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது என்பதற்காக, அதே நாட்டைச் சேர்ந்த இரண்டு மறுவருகைகளைத் தொட்டுக் காட்டுகிறேன்.

லண்டனின் பில் ஃபே 1970, 1971 ஆண்டுகளில் டெரம் நிறுவனத்துக்காக இரண்டு ஆல்பங்கள் செய்தார். நிறுவனம் கைவிட்டது. தோட்ட வேலை, தொழிற்சாலை வேலை என்று பிழைத்தார். ஆனால் அவர் பியானோவில் பாட்டு எழுதுவதை ஒருபோதும் நிறுத்தவில்லை. தன் தந்தையின் தட்டுகளில் ஃபேயின் இசையைக் கேட்டு வளர்ந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜோஷுவா ஹென்றி தேடிப் போனபோது, பாடல்கள் குவிந்து கிடந்தன. 2012-இல் வந்த 'லைஃப் இஸ் பீப்பிள்' ஆல்பத்தில் 1971-இல் வாசித்த ரே ரஸ்ஸலும் ஆலன் ரஷ்டனும் வாசித்தார்கள். ஃபேவுக்குத் தேவைப்பட்டது ஒலிப்பதிவுக் கூடமும் கேட்பதற்குக் காதுகளும். பன்யனுக்கோ பாட்டு எழுதும் பழக்கத்தையே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

ஷெர்லி காலின்ஸ் பாடலாசிரியர் அல்லர், மரபுப் பாடல்களின் பாடகி. அவர் குரலையே இழந்தவர். தன் முந்தைய ஆல்பத்துக்கு 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2016-இல் வந்த 'லோட்ஸ்டார்' ஆல்பத்தை சசெக்ஸிலுள்ள தன் வீட்டிலேயே பதிவு செய்தார். கூடத்துக்குப் போகும் பயம் அவ்வளவு இருந்தது. அவர் குரல் இளமையில் இருந்ததைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. அதை மறைக்க எந்த முயற்சியும் செய்யவில்லை, அதுதான் அந்த ஆல்பத்தின் பலம்.

மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஃபே எழுதிக்கொண்டே இருந்தார், பன்யன் நிறுத்திவிட்டார், காலின்ஸ் பாட முடியாமல் போனார். மூன்று மௌனங்களும் வேறு வேறு. தேடி வந்தவர்கள் எந்த மௌனம் என்று புரிந்துகொண்டு அதற்கேற்ற சூழலை அமைத்தார்கள். ஃபேவிடம் பன்யனுக்கு வாய்த்த படிப்படியான முறையைக் கையாண்டிருந்தால் தேவையற்ற தயக்கம்தான் மிஞ்சியிருக்கும்.

'ஹார்ட்லீப்'

2005-க்குப் பிறகு பன்யனின் பழைய பாடல்கள் எதிர்பாராத இடங்களில் ஒலித்தன. ஒரு கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் 'டயமண்ட் டே' வந்தது. 2009-இல் பாடகர்கள் ஃபைஸ்டும் பென் கிப்பர்டும் 'டிரெயின் சாங்' பாடலைப் புதிதாகப் பாடினார்கள். பெட்டியில் கிடந்த அறுபதுகளின் பதிவுகள் 2007-இல் இரட்டைத் தொகுப்பாக வந்தன. அந்தத் தொகுப்பைக் கேட்பவர்களுக்கு அவர் நாட்டுப்புறப் பாடகி என்ற எண்ணம் தானாகக் கலைந்துவிடும்.

ஆனால் இந்த நிகழ்வு முழுமை பெறுவது 2014-இல், 'ஹார்ட்லீப்' ஆல்பத்தில். பெரும்பகுதியை வீட்டில் தானே பதிவு செய்து தானே தயாரித்தார். பல ஆண்டுகள் ஆயின. பியானோவை இரு கைகளாலும் ஒருசேர வாசிக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. எனவே ஒரு கையின் பகுதியை முதலில் வாசித்து, மறு கையின் பகுதியைப் பிறகு சேர்த்து, கணினியில் இழை இழையாகக் கோத்தார். குறிப்பு எழுதத் தெரியாதவருக்கு அந்த மென்பொருள், மனத்தில் கேட்டதை இடைத்தரகர் இல்லாமல் வெளியே கொண்டுவரும் வழியாயிற்று. 'லுக்ஆஃப்டரிங்' காலத்தில் ரிக்டரிடம் கற்றதை இதில் தனியாகச் செய்து பார்த்திருக்கிறார். விமர்சகர்கள் சிலருக்கு இது முந்தையதைவிட மெலிந்து தெரிந்தது. எனக்கு இதில் ஒரு ஸ்வரம்கூட அடுத்தவருடையதாகத் தெரியவில்லை. மெலிவே அவர் கேட்டுக்கொண்டிருந்த ஒலி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதுவே தன் கடைசி ஆல்பம் என்று அறிவித்தார். ஐம்பது ஆண்டுகளில் மொத்தம் மூன்று. 2022-இல் 'வேவர்ட்' என்ற பெயரிலேயே தன் வரலாற்று நூலை வெளியிட்டார். அதில் குதிரை வண்டிப் பயணத்தை அவரே, சேறும் பசியும் சண்டையும் விட்டுப்போகாமல், எழுதியிருக்கிறார். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 1966-இன் 'டிரெயின் சாங்' பாடலில் தொடங்கி நேராக 2005-க்குப் போகலாம். 1970-இன் ஆல்பத்தை அதற்குப் பிறகு கேட்டால், பேஞ்சோவுக்கு அடியில் அவர் உண்மையில் என்ன பாடிக்கொண்டிருந்தார் என்பது காதில் விழும்.